கூடைக் கயிறு எங்கே போகிறது? படம் வரையக் கேட்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்துகொண்டு படம் வரைகிறேன். சிறுவர் நூல்களுக்கு உட்படம், கதைப் புத்தகங்களுக்கு அட்டை, வீட்டுச் சுவருக்கு உருவப்படம், இடையிடையே யாரும் கேட்காமல் எனக்காகவே வரைவது. இதுதான் தொழில். வட்ஸ்அப்பில் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

படம் வேண்டும் என்றால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

எதற்கு, எந்த அளவில், எப்போதைக்கு. இந்த மூன்றும் தெரிந்தால் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவேன். “நல்லதாக ஒன்று வரைந்து தாருங்கள்” என்பது மரியாதையான பேச்சுத்தான். ஆனால் அதை வைத்து ஒரு கோடுகூடப் போட முடியாது. சுவரில் தொங்கும் படத்தை எட்டடி தள்ளி நின்று பார்ப்பார்கள். புத்தகப் படத்தைப் பிள்ளைகள் மூக்கு உரசப் பார்ப்பார்கள். அட்டைப்படம் என்றால் தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடம் விட வேண்டும். அதைக் கடைசியில் சொன்னால் வானத்தில் நான் பாடுபட்டு வரைந்த மேகத்தின் மீது எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கதை என்றால் முழுக் கதையையும் அனுப்புங்கள். சுருக்கம் வேண்டாம். சுருக்கி எழுதுபவர் முக்கியமில்லை என்று விட்டுவிடும் வரியில்தான் எனக்கான படம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

கேட்டவுடன் வரையத் தொடங்கிவிடுவீர்களா?

இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் நான் சும்மா இருப்பதுபோலத் தெரியும். கதையை ஒரு முறை வாசித்துவிட்டு மூடி வைப்பேன். கடைக்குப் போகும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எது திரும்ப நினைவுக்கு வருகிறது என்று பார்ப்பேன். பிறகு ஒரு ஏ4 தாளை எடுத்து, தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காமல் கிறுக்குவேன். அந்த அளவில் முகமும் விரலும் வரைய முடியாது. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, கண் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு வேண்டியதும் அதுதான். அவற்றில் இரண்டைப் பெரிதாக்கி உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பின்னரே நல்ல கடதாசியைத் தொடுவேன்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஓவியப் புத்தகங்கள் எல்லாம் தொடுவானக் கோட்டிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. எங்கள் ஊரில் தொடுவானம் ஏது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. தேயிலை மலையில் வேலை செய்கிறவர்கள் எவரும் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நிற்பதில்லை. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சமதரையில் நிற்பவரை வரைந்து பின்னால் பச்சை மலையை ஒட்டினால், ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நிற்பவர்போல இருக்கும். அதனால் மனிதரை வரைவதற்கு முன் அவர் நிற்கும் சரிவைத்தான் வரைகிறேன்.

கூடையுடன் சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைய ஏன் மறுக்கிறீர்கள்?

பெண்ணையும் மறுக்கவில்லை, சிரிப்பையும் மறுக்கவில்லை. தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே பெண் அதே சிரிப்புடன் நிற்கிறாள். அவளை மறுபடி நகலெடுக்க நான் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாடசாலை முடித்த புதிதில் ஒரு நாட்காட்டிக்காகக் கொழுந்துக்காரி ஒருத்தியை வரைந்தேன். நிறமெல்லாம் கண்ணைப் பறித்தது. அம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இவள் மலைக்குப் போகிறாளா, பள்ளிக்கூடம் போகிறாளா?” என்று கேட்டார். கூடையின் கயிற்றைப் புத்தகப் பைபோல இரண்டு தோளிலும் மாட்டியிருந்தேன்! தினமும் கண்ணெதிரே பார்த்த காட்சி. பார்த்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

மறுநாள் அம்மாவுக்குப் பின்னாலேயே போனேன். கயிறு உச்சந்தலையில் ஏறுகிறது. அதற்கடியில் மடித்த துணி. கூடை முதுகில் தொங்குகிறது. பாரம் முழுவதும் கழுத்துக்கு வருகிறது. கூடை வெறுமையாக இருக்கும்போது முகம் நிமிர்ந்திருக்கும். நிறைய நிறையத் தாடை முன்னால் வரும், கழுத்தின் இரு புறமும் நரம்பு புடைக்கும். இரண்டு கைகளும் முன்னால் வேலை செய்துகொண்டே இருக்கும். பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலாகப் பின்னால் போய், திரும்பிப் பார்க்காமலே கூடையில் போட்டுவிட்டு வரும். இடுப்பில் ஈரம் தாங்கும் படங்கு. மழை என்றால் தலையை மூடிய கொங்காணி. செடியின் மட்டம் பார்க்க மட்டக்கம்பு. விரல் நுனிகளில் தேயிலைக் கறை கருப்பாக ஏறியிருக்கும். அந்தக் கருப்பை நகப்பூச்சுப்போல வரைந்தால் கெட்டுவிடும், ரேகைகளுக்குள் இறங்க வேண்டும்.

இப்போது என்னிடம் யாராவது கொழுந்துக்காரி படம் கேட்டால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: காலையா, மாலையா? காலைக் கூடைக்கு ஒரு கழுத்து, மாலைக் கூடைக்கு வேறு கழுத்து. அதற்கு ஏற்ற முகத்தை வரைய விட்டால், சிரித்தாலும் எனக்குச் சம்மதமே. மலையில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பக்கத்து நிரையில் நிற்பவரின் கேலிக்குச் சிரிக்கிற சிரிப்பு அது, கமராவுக்கானது அல்ல.

பழங்காலக் காட்சிகளை வரையும்போது என்ன கவனிப்பீர்கள்?

ஆண்டுக் கணக்கை. 2023இல் மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து இங்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியாக நடந்து வந்த முன்னோரை வரையச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ஒருவர் அவர்களைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கவிடச் சொன்னார். அவர்கள் வந்தது கோப்பித் தோட்ட வேலைக்கு. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கிய பிறகே மலைகள் தேயிலையாக மாறின. இன்னொருவர் பின்னணியில் பதுளைப் புகையிரதப் பாதையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் கேட்டார். புகையிரதம் கண்டிக்கு வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல். நடந்து வந்தவர்களுக்கு அந்தப் பாலத்தின் நிழல்கூடக் கிடைத்திருக்காது.

கடைசியில் நான் வரைந்தது கால்களை மட்டும். முழங்காலுக்குக் கீழே இருபது முப்பது கால்கள், காட்டு மண், ஒரு பித்தளைச் சொம்பின் அடிப்பாகம். கேட்டவருக்கு முதலில் ஏமாற்றம்தான். “முகம் இல்லையே” என்றார். அவர்களுடைய முகம் எவரிடமும் இல்லை என்றேன். வாங்கிக்கொண்டார்.

இறந்துபோனவரின் அடையாள அட்டைப் படம் மட்டும்தான் இருக்கிறது. வரைய முடியுமா?

முடியும். எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். தோட்டத்து முதியவர்கள் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே புகைப்படம் அதுதான். அட்டைக்காக விறைத்து நின்ற முகம். அப்படியே பெரிதாக்கினால் வீட்டில் ஓர் அரச அலுவலகம் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். எனவே படத்தை வாங்கிக்கொண்டு உங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பேன். ஒரு மணி நேரமாவது கதைப்பேன். மூக்குத்தி ஒரு பக்கமா, இரு பக்கமா? வெற்றிலை போடுவாரா? கோபம் வந்தால் கை எங்கே போகும்?

சென்ற ஆண்டு கட்டாரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தம் அப்பாயியை வரையச் சொன்னார். எதைக் கேட்டாலும் “நினைவில்லை அக்கா” என்றார். முகம் வட்டமா நீளமா என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. நானும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். கடைசியில் அவரே சொன்னார்: சின்ன வயதில் அப்பாயிக்குப் பேன் பார்த்துவிடுவாராம், உச்சியில், வகிட்டுக்குக் குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லாத ஒரு கோடு இருந்ததாம். கயிறு ஓடிய தடம். அந்தத் தடத்தில் விரலை ஓட்டி விளையாடுவாராம்.

அந்த ஒன்று போதுமாக இருந்தது. இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து தலையைக் குனிந்திருக்கும் கிழவியை, பின்னால் நிற்கும் பேரனின் கண்ணிலிருந்து வரைந்தேன். முகம் முக்கால்வாசி தெரியாது. அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்தது காதையும் கன்னத்தின் வளைவையும் மட்டுமே. படம் போய்ச் சேர்ந்த அன்று அவரிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. அதில் பேச்சு எதுவும் இல்லை.

ஒரு வழக்கம்: எல்லா உருவப்படங்களின் பின்புறத்திலும் அவர்களுடைய முழுப்பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பென்சிலில் எழுதிவிடுவேன். 1879இல் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரட் கமரன் உலகப் புகழ் பெற்ற புகைப்படக்காரர். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் நம்மவர்கள் எவ்வளவோ அழகாக இருக்கிறார்கள். பெயர்தான் பெரும்பாலும் இல்லை.

எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள்?

பென்சில் நிலையில் மூன்று முறை. வர்ணம் ஏறிய பிறகு சின்னச் சின்னத் திருத்தம் ஒரு முறை. நீர்வர்ணத்தில் சேலையின் நிறத்தை மாற்றுவது என்றால் புதிதாக வரைவது என்று பொருள். குடும்பமே கூடிப் பார்த்துவிட்டு ஒரே ஒருவர் என்னிடம் பேசுங்கள். பெரியப்பா ஒன்று, சின்னம்மா ஒன்று என்று தனித்தனியே செய்தி அனுப்பினால் நான் யாருக்கும் பதில் எழுத மாட்டேன்.

மலைப் பச்சையை எப்படிக் கலக்கிறீர்கள்?

குழாயிலிருந்து வரும் பச்சையை அப்படியே தடவினால் பிளாஸ்டிக் வாழையிலைதான் கிடைக்கும். விரிடியன் என்ற நீலப்பச்சையில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முற்றிய இலையின் கருமை வரும். இளங்கொழுந்து பச்சையே அல்ல. மஞ்சளில் பச்சை தொட்டது. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கிளையோடு தறித்துவிட்ட, மலையில் பச்சையே இருக்காது; சாம்பலும் பழுப்பும்தான். தூரத்து மலைக்கு அல்ட்ரா மரீன் நீலத்தில் நிறையத் தண்ணீர்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மலையும் வானமும் ஒரே கோப்பையில் கரைந்ததுபோல இருக்கும். அதே யூலையில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்று வீசும், வெயில் சுள்ளென்றிருக்கும். கதை எந்த ஊரில், எந்த மாதத்தில் நடக்கிறது என்று ஆசிரியர்களை நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

மழைக்காலத்தில் ஏன் தாமதமாகிறது?

கடதாசி காய்வதில்லை. ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் சேறாகும். அதைவிட மோசம், ஈரத்தில் கிடந்த கடதாசியின் மேலிருக்கும் பசை கெட்டுப்போவது. பார்வைக்கு வெள்ளையாக, நன்றாகவே இருக்கும். தூரிகை பட்டதும் வர்ணம் ஒற்றுத்தாளில் விழுந்ததுபோல அங்கங்கே புள்ளியாக உறிஞ்சப்படும். ஒரு முறை பத்துத் தாள்கள் அப்படிப் போயின. இப்போது சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசியைப் பொலித்தீனில் கட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடுப்படிச் சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்கிறேன். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். கருவாட்டு வாசம் கொஞ்சம் ஏறும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி செய்யும் ஒரே உதவி, முடிந்த படத்தைப் புகைப்படம் எடுக்கும்போதுதான். வெளியே வைத்தால் நிழலே விழாமல் ஒளி சமமாகப் பரவியிருக்கும். பெரிய ஸ்டூடியோக்களில் இதற்கென்றே விளக்குகள் வாங்குகிறார்களாம்.

கையால் வரைவதா, கணினியிலா?

பென்சிலும் வர்ணமும் கையால். எழுத்து, சிறு திருத்தம், அச்சுக்கான கோப்பு கணினியில். புத்தக வேலைக்கு அவசரம் என்றால் முழுவதையும் ஐபேட்டில் செய்வதும் உண்டு. அதில் எனக்குக் கூச்சமில்லை.

அச்சகத்துக்குக் கோப்பை எப்படித் தருவீர்கள்?

ஏ4 அளவு என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதல். திரையில் தெரியும் பச்சை அச்சில் மங்கும். அச்சுக்கு நான்கு மைகள்தான். திரையின் பளபளப்பு அதற்கு வராது. எனவே தொடக்கத்திலிருந்தே அந்த நான்கு மைகளுக்கான நிறமுறையான சிஎம்வைகேயில் வேலை செய்கிறேன்.

தமிழ் எழுத்துத்தான் உண்மையான தலைவலி. நம் நாட்டு அச்சகங்களில் யுனிகோடுக்கு ஒத்துவராத பழைய பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. ஆசிரியர் யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவார், அச்சகத்தார் மாற்றும்போது ஏதாவது ஒன்று தவறும். ஒரு சிறுவர் நூலின் அட்டையில் “கொழுந்து” என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு, ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாமல் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதன் விளைவு. நான் பார்த்தது, ஐந்நூறு பிரதிகள் அச்சாகிக் கட்டப்பட்ட பிறகு. அன்றிலிருந்து தலைப்பைத் தூரிகையால் நானே எழுதிப் படமாகக் கொடுத்துவிடுகிறேன். கையால் எழுதிய கொம்பு இடம் மாறாது.

படத்தின் உரிமை யாருக்கு?

மூலப்படத்தை விலைக்கு வாங்கினால் அந்தத் தாள் உங்களுடையது. சுவரில் மாட்டலாம், பரிசளிக்கலாம். அதை அச்சிட்டு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்த நொடியிலிருந்தே பாதுகாப்பு உண்டு, பதிவு தேவையில்லை. வரைந்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை பிரதிக்கு என்பதை வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். முற்பணம் பாதி. உறவினர் என்றாலும் பாதி.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படத்தைத் தந்தால் அதேபோல் வரைந்து தருவீர்களா?

மாட்டேன். இப்படி எனக்கு வந்த படங்களில் பலவற்றில் கூடைக் கயிறு தோளில் மாட்டியிருந்தது. இயந்திரமும் நான் பதினெட்டு வயதில் செய்த அதே பிழையைத்தான் செய்கிறது. ஒரே வேறுபாடு, அதனிடம் கேள்வி கேட்க ஓர் அம்மா இல்லை. உங்கள் மனதில் இருப்பதை வாயால் சொல்லுங்கள், போதும்.

உங்களுக்காக என்ன வரைகிறீர்கள்?

இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மலையகத் தோட்டங்களில் காமன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து. மாசியில் கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரியும் இரவு வரை தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே நின்று குறிப்பேட்டில் கிறுக்குகிறேன். எனக்குப் பிடித்தது கூத்தை விட, கூத்துக்கு முந்திய அரைமணி நேரம். ரதி வேடம் கட்டும் ஆண் ஒருவர், பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிய நிலையில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேநீர் குடிப்பார். காலையில் மருந்து அடிக்கப் போய்வந்த அதே கை. இதை யாரும் விலைக்குக் கேட்டதில்லை. பத்துப் படங்கள் சேர்ந்துவிட்டன.

மற்றது தேயிலை மை. டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி வடித்துத் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஒரு வாரம் வைத்தால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சாயம் கருநீலமாக மாறும். ஆணி போடாத சாயம் பழுப்பு. இரண்டையும் வைத்து லயத்துக் காம்பராக்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் அறைகளை, வரைகிறேன்: பத்துக்குப் பன்னிரண்டடி அறை, தகரம் பறக்காமல் கூரைமேல் வைத்த கல், புகை படிந்த சுவர். பழுப்புச் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் இந்தப் படங்களை நான் விற்பதில்லை.

என் பிள்ளை நன்றாக வரைகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

2பி பென்சில் இரண்டு, கோடு போடாத கொப்பி ஒன்று. வர்ணப் பெட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ள செருப்புகளை எல்லாம் வரையச் சொல்லுங்கள்; மண் ஒட்டிய சப்பாத்தும், அறுந்த வாரும், தேய்ந்த குதியும் ஒவ்வொருவரையும் காட்டிக்கொடுக்கும். அப்பா செருப்பைப் பார்த்து அப்பாவை அடையாளம் காண முடிந்தால் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள். ஞாயிறு காலை, கட்டணம் இல்லை.

படம் நனையாமல் வந்து சேருமா?

சேரும். சுருட்டக்கூடிய படம் என்றால் ஹாட்வெயார் கடையில் வாங்கும் பிவிசி குழாய்க்குள் போட்டு இரு முனையையும் மூடியால் அடைத்துக் கூரியரில் அனுப்புவேன். சட்டமிட்டது என்றால் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தேயிலை அடைக்கும் தாள்சாக்கைப் பிரித்துச் சுற்றுவேன். அதன் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது, ஈரம் நுழையாது. பிரிக்கும்போது கொஞ்சம் தேயிலைத் தூள் கொட்டும். படத்தைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.